பற்பசை, சாவிக்கொத்து, கயிறு

கொதிக்கும் எண்ணெய் கையில் தெறித்துவிட்டால், புனேயின் கட்கியில் இருக்கும் தமிழ்க் குடும்பமும் பக்கத்து வீட்டு மராத்திக் குடும்பமும் முதலில் தேடுவது பற்பசையைத்தான். அது கிடைக்காவிட்டால் மஞ்சள்தூள், தேங்காய் எண்ணெய், நம் வீடுகளில் இட்லி மாவு. வலிப்பு வந்து ஒருவர் விழுந்தால் வழக்கம் கொஞ்சம் மாறும். நாம் கையில் சாவிக்கொத்தைத் திணிப்போம். அவர்கள் மூக்கருகே வெங்காயத்தையோ செருப்பையோ பிடிப்பார்கள். பாம்பு கடித்தால் இரண்டு வீட்டாருக்கும் கயிறு. நாய் கடித்த இடத்தில் மிளகாய்த்தூளோ சுண்ணாம்போ. மூக்கில் ரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து பிடிக்கச் சொல்வது. மயங்கிக் கிடப்பவரின் வாயில் தண்ணீர் ஊற்றுவது. இவற்றையெல்லாம் பார்க்கும்போது, முதலுதவி தெரியாத மக்கள் என்று நம்மைச் சொல்வது பிழை என்றே தோன்றுகிறது. நமக்கு முதலுதவி நிறையத் தெரியும். பாட்டியிடமும் அத்தையிடமும் கற்றிருக்கிறோம், தயங்காமல் செய்கிறோம், அன்போடு செய்கிறோம். அதில் பெரும்பகுதி தவறாக இருப்பதுதான் சிக்கல். முதலுதவிப் பயிற்சி என்ற பேச்சு எழும்போதெல்லாம், "டாக்டருக்குப் படிக்காதவர் கை வைக்கலாமா?" என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நேரம் கடந்துவிட்டது. படிக்காதவர் ஏற்கெனவே கை வைத்துவிட்டார். என்ன தெரிந்துகொண்டு வைக்கிறார் என்பதைத்தான் இனிக் கேட்க வேண்டும்.

"சாவி கொடுத்ததும் வலிப்பு நின்றதை என் கண்ணால் பார்த்தேன்" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே அடங்கும். சாவியைத் தேடி எடுத்து வந்து, இறுகிய விரல்களைப் பிரித்துத் திணிக்கவும் அவ்வளவு நேரம்தான் ஆகும். வலிப்பு நின்றுவிடுகிறது, பெயர் சாவிக்குப் போய்விடுகிறது. பாம்புக்கடியிலும் இதே கணக்குதான். நம் நாட்டில் கடிக்கும் பாம்புகளில் பெரும்பாலானவை விஷமில்லாதவை. விஷப்பாம்புகூட ஒவ்வொரு கடியிலும் விஷத்தை இறக்குவதில்லை. கயிறு கட்டி, மந்திரித்து, பிழைத்து எழுந்தவரின் கதை நாலு ஊர் சுற்றும். அவர் ஒன்றும் செய்யாமலே பிழைத்திருப்பார். இறந்தவருடைய கதையைக் கயிற்றின் கணக்கில் யாரும் எழுதுவதில்லை. விதியின் கணக்கில் எழுதிவிடுகிறோம். சின்னத் தீக்காயம் எதைப் பூசினாலும் ஆறும். பூசிய பொருள் மருந்தாகிவிடும். தானாகச் சரியாகும் துன்பங்களைச் சுற்றித்தான் நம் கைவைத்தியங்கள் வளர்ந்திருக்கின்றன. தானாகச் சரியாகாதவற்றுக்கு அப்படி எதுவுமே இல்லை என்பதைக் கவனியுங்கள். விரலில் சின்ன வெட்டு என்றால் காப்பித்தூள் உண்டு. தொடையில் நாளம் அறுந்து ரத்தம் பீறிட்டால் வைக்க ஒன்றும் கிடையாது. இதயம் நின்றுபோனவருக்கு எந்தப் பாட்டியிடமும் வைத்தியம் இல்லை. அங்கே எதைச் செய்தும் யாரும் பிழைக்கவில்லை என்பதால் ஒரு நம்பிக்கைகூட உருவாகவில்லை.

அப்படிப்பட்ட இடத்தில் நம் கைகள் வெறுங்கைகளாகிவிடுகின்றன. வெறுங்கை செல்பேசியை எடுக்கிறது. 2017 ஜூலையில் புனேயை அடுத்த போசரியில், இந்திராயணி கார்னர் அருகே வண்டி மோதி 25 வயது மென்பொருள் பொறியாளர் ஒருவர் ரத்த வெள்ளத்தில் கிடந்தார். சுற்றி நின்றவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வழியே வந்த பல் மருத்துவர் ஒருவர் மருத்துவமனைக்குக் கொண்டுபோக முனைந்தும் உயிர் தங்கவில்லை. அந்தக் கூட்டத்தை ஈவிரக்கமற்றது என்று நாடே திட்டியது. திட்டு நியாயமானதுதான், மனிதர் சாகும்போது படம் பிடிப்பதற்குச் சமாதானம் கிடையாது. ஆனால் திட்டியதோடு முடித்துக்கொண்டால் போசரி நமக்கு எதையும் கற்றுத்தராது. கத்ராஜ் சுரங்கப்பாதையிலிருந்து நவலே பாலம் வரை இறங்கும் சரிவில் 2022 நவம்பர் 20 இரவு, கட்டுப்பாடு இழந்த லாரி ஒன்று நாற்பதுக்கும் மேற்பட்ட வாகனங்களை நசுக்கியது. அதே பாலத்தருகே 2025 நவம்பரில் வாகனங்கள் மோதித் தீப்பிடித்து உயிர்கள் போயின. அதுபோன்ற இடங்களில் சீருடை வந்து சேரும் முன்பே ஓடிப்போய்க் கதவைப் பிய்ப்பவர்களும் இதே புனேக்காரர்கள்தான். இந்த ஊரில் இரக்கத்துக்குப் பஞ்சம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஓடிப்போனவருக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியாததுதான் பஞ்சம்.

புனேயை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. மருத்துவத்தில் இல்லாதது என்று எதையும் இந்த ஊரைப் பார்த்துச் சொல்ல முடியாது. சசூன் மருத்துவமனை 1867 முதல் இருக்கிறது. ஆயுதப்படை மருத்துவக் கல்லூரி 1948 முதல் இங்கே இயங்குகிறது. பெரிய தனியார் மருத்துவமனைகள் தெருவுக்கு ஒன்றாக நிற்கின்றன. மகாராஷ்டிராவின் 108 சேவை 2014 தொடக்கத்தில் 937 ஆம்புலன்ஸ்களோடு தொடங்கியபோது, வண்டியிலேயே மருத்துவர் இருப்பார் என்பது அதன் பெருமையாக இருந்தது. இத்தனையும் இருக்கட்டும். இதயம் நின்றுவிட்டால் மூளை நான்கிலிருந்து ஆறு நிமிடத்துக்குள் பழுதாகத் தொடங்கும். யாரும் மார்பை அழுத்தாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் வரை தின்றுவிடும். வளர்ந்தவரின் உடலில் ஏறக்குறைய ஐந்து லிட்டர்தான் ரத்தம். பெரிய நாளம் அறுந்தால் சில நிமிடங்கள் போதும். மல்லாந்து கிடக்கும் நினைவிழந்தவரின் நாக்கு பின்னுக்குச் சரிந்தோ வாந்தி அடைத்தோ மூச்சு நிற்க அவ்வளவு நேரம்கூட வேண்டாம். சிங்ஹகட் சாலையின் மாலை நெரிசலில் ஆம்புலன்ஸ் பத்தே நிமிடத்தில் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதைவிட வேகமாக வர முடியாது. அந்தப் பத்து நிமிடமும் அருகில் நிற்பவருடைய கையில்தான் இருக்கிறது.

"போலீஸ், கோர்ட் என்று இழுப்பார்களே" என்பது முதல் தடை. ஒரு காலத்தில் இது உண்மையான பயம். சேவ்லைஃப் அறக்கட்டளை 2013இல் நடத்திய ஆய்வில், விபத்தில் அடிபட்டவருக்கு உதவத் தயங்குவோம் என்றவர்கள் 74 சதவீதம். அவர்களில் மிகப் பெரும்பாலோர் சொன்ன காரணம் காவல் நிலையமும் நீதிமன்ற அலைச்சலும்தான். அந்த அமைப்பே தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 மார்ச் 30 அன்று, உதவுபவரைக் காக்கும் மத்திய அரசின் வழிகாட்டுதல்களுக்குச் சட்டத்தின் வலிமையைக் கொடுத்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134அ பிரிவு சேர்ந்தது. நல்லெண்ணத்தோடு உதவியவரின் கவனக்குறைவால் அடிபட்டவருக்குத் தீங்கு நேர்ந்தால்கூட அவர்மீது சிவில் வழக்கோ குற்ற வழக்கோ கிடையாது என்கிறது அது. பெயர், முகவரி சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2020 செப்டம்பர் விதிகள் கூறுகின்றன. எந்த மருத்துவரும் அவசரச் சிகிச்சையை மறுக்கக் கூடாது என்பதோ 1989ஆம் ஆண்டே பரமானந்த் கட்டாரா வழக்கில் முடிந்துபோன விஷயம். ஆனால் 2018இல் அதே அமைப்பு மறுபடி கேட்டபோது, இப்படியொரு பாதுகாப்பு இருப்பது 84 சதவீதம் பேருக்குத் தெரியவே இல்லை. சட்டம் வந்துவிட்டது, செய்தி வரவில்லை. உதவுபவருக்கான 5,000 ரூபாய் ஊக்கத்தொகை 25,000 ஆகும் என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2025 ஜனவரியில் அறிவித்தார். வரவேற்போம். ஆனால் பணத்துக்காக ஓடிவந்தவருக்கும் மனதுக்காக ஓடிவந்தவருக்கும், ரத்தத்தை எப்படி நிறுத்துவது என்பது ஒருபோல் தெரிந்திருக்க வேண்டும். பரிசுக்கு ஆகும் செலவில் ஒரு பங்கையாவது பயிற்சிக்குத் திருப்பினால் பலன் பெரிதாக இருக்கும் என்பது என் எண்ணம்.

இரண்டாவது தடை இன்னும் கனமானது. "அரைகுறை அறிவு ஆபத்து, தெரியாதவர் தொட்டுக் கெடுப்பதைவிடத் தொடாமல் இருப்பது மேல்." மருத்துவர்களே இதைச் சொல்வதுண்டு, அவர்கள் கண்ட அனுபவமும் அதில் இருக்கிறது. கழுத்தெலும்பு முறிந்தவரைக் கைகால் பிடித்துத் தூக்கி, ஆட்டோவில் மடித்துத் திணித்துக் கொண்டுவருவதால் நடக்க முடிந்தவர் முடங்கிப்போகிறார். உண்மை. ஆனால் அந்த ஆட்டோவில் திணித்தவர் எந்த வகுப்பிலும் உட்காராதவர். வகுப்பில் உட்கார்ந்திருந்தால் முதலில் கற்றிருப்பது, தீயோ மோத வரும் வாகனமோ இல்லாதவரை அடிபட்டவரை அசைக்காதே என்பதைத்தான். நல்ல முதலுதவிப் பாடத்தில் பாதிக்கு மேல் 'செய்யாதே' என்பதே. மூச்சு விடுபவரின் ஹெல்மெட்டை இழுக்காதே. நினைவில்லாதவருக்குத் தண்ணீர் கொடுக்காதே. அது வயிற்றுக்குப் போகாது, நுரையீரலுக்குப் போகும். குத்தி நிற்கும் கம்பியைப் பிடுங்காதே. ரத்தத்தை அதுதான் அடைத்துக்கொண்டிருக்கிறது. கொப்புளத்தை உடைக்காதே. வலிப்பில் இருப்பவரின் வாயில் கரண்டியோ விரலோ நுழைக்காதே. மின்சாரம் பிடித்தவரை, மெயினை அணைக்கும் முன் தொடாதே. அரைகுறை அறிவு ஆபத்து என்பவர்கள் கேட்கும் கட்டுப்பாடு முழுவதும் இந்தப் பாடத்துக்குள்ளேயே இருக்கிறது. ஒன்றும் தெரியாத அன்புக்குத்தான் கட்டுப்பாடு இல்லை.

செய்ய வேண்டியவை மிகச் சில. சாலையில் விழுந்து கிடப்பவரிடம் போகும் முன் உங்கள் வண்டியின் விளக்கைச் சிமிட்டவிட்டு, பின்னால் வருபவர்களை நிறுத்த ஒருவரை அனுப்புங்கள். நவலே பாலத்தின் சரிவில் உதவப் போனவரும் அடிபடலாம். கூட்டத்தைப் பார்த்து "யாராவது 108க்குப் போன் பண்ணுங்க" என்று கத்தினால் யாரும் பண்ண மாட்டார்கள். ஒருவரைச் சுட்டிக்காட்டி, "நீலச் சட்டை அண்ணா, நீங்க பண்ணுங்க" என்றால் அவர் பண்ணிவிடுவார். ரத்தம் வந்தால், வரும் இடத்தின் மேலேயே துப்பட்டாவையோ கைக்குட்டையையோ மடித்து வைத்து, உள்ளங்கையால் முழுப் பலத்தோடு அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. துணி நனைந்தால் மேலே இன்னொன்றை வைத்துத் தொடர வேண்டும். எவ்வளவு அழுத்தியும் நிற்காமல் கையிலோ காலிலோ ரத்தம் பீறிட்டால் மட்டும், காயத்துக்கு மேலே அகலத் துணியால் இறுகக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நினைவில்லை, ஆனால் மூச்சு இருக்கிறது என்றால், தலை, கழுத்து, உடல் மூன்றும் ஒன்றாகத் திரும்பும்படி பிடித்து ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வலிப்பு வந்தவருக்கும் இதேதான். இடித்துக்கொள்ளும் பொருள்களை நகர்த்தி, தலைக்கடியில் ஒரு துணியை வைத்து, மணியைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ். இவற்றில் எதற்கும் கருவி வேண்டாம், பட்டம் வேண்டாம்.

மார்பை அழுத்துவதுதான் எல்லோரையும் மிரட்டுவது. விலா எலும்பு முறிந்துவிடுமே என்பார்கள். முறியலாம். ஆனால் மூச்சும் அசைவும் நின்றவருக்கு அதைவிடக் கெடுதல் எதையும் நம்மால் செய்துவிட முடியாது, எலும்பு கூடிவிடும். இந்திய மயக்கவியல் மருத்துவர்களின் முன்முயற்சியில் உருவான இந்திய உயிர்மீட்புக் கவுன்சில், 2017இல் பொதுமக்களுக்கென்றே ஒரு முறையை வகுத்தது. வாயோடு வாய் வைத்து ஊதுவது அதில் இல்லை; நம் ஊரில் பலர் பின்வாங்குவது அந்த இடத்தில்தான் என்பதை உணர்ந்து எடுத்துவிட்டார்கள். தோளைத் தட்டிக் கூப்பிட்டுப் பாருங்கள். அசைவில்லை, மூச்சில்லை, அல்லது மீன் வாய் திறப்பதுபோல் எப்போதாவது ஒரு திணறல் மட்டும்தான் என்றால், கெட்டியான தரையில் மல்லாத்துங்கள். அந்தத் திணறலை மூச்சு என்று நம்பிக் காத்திருந்து இழந்த உயிர்கள் பல. நெஞ்சின் நடுவில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதி, அதன்மேல் மற்றொரு கை, முழங்கை மடங்காமல், நிமிடத்துக்கு ஏறக்குறைய 120 முறை, ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழம். ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக எழும்ப விட வேண்டும். இரண்டு நிமிடத்தில் கை சோர்ந்துவிடும், அடுத்தவரிடம் கொடுங்கள். இது பலன் தருமா என்பதற்கு டென்மார்க்கைப் பார்க்கலாம். அங்கே பள்ளிகளில் இதைக் கட்டாயமாக்கினார்கள். 2006 முதல் ஓட்டுநர் உரிமம் வாங்குபவரும் கற்க வேண்டும் என்றார்கள். மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களில், அருகிலிருந்தவர் மார்பை அழுத்தியது 2001இல் ஐந்தில் ஒருவருக்குத்தான். 2010இல் 45 சதவீதத்தைத் தொட்டது. முப்பது நாளுக்குப் பிறகும் உயிரோடிருந்தவர்கள் 3.5 சதவீதத்திலிருந்து 10.8 சதவீதமானார்கள். இதே காலத்தில் அங்கே ஆம்புலன்ஸும் மருத்துவமனையும்கூட மேம்பட்டன. எல்லாப் புகழையும் பயிற்சிக்கே கொடுத்துவிட முடியாது. ஆனால் மேம்பட்ட ஆம்புலன்ஸுக்கும் காப்பாற்ற ஓர் உயிர் மிச்சமிருக்க வேண்டும். அதை மிச்சம் வைப்பது யாரோ ஒரு வழிப்போக்கரின் கை.

நகரத்தை விட்டு வடக்கே ஜுன்னர் வட்டத்துக்குப் போனால் கதை வேறு. திராட்சையும் தக்காளியும் கரும்பும் விளையும் பூமி. அங்கே மழைக்காலத்தின் அச்சம் பாம்பு. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறக்குறைய 12 லட்சம் என்று 2020இல் வெளியான ஆய்வு கணித்தது, ஆண்டுக்கு 58,000. இறந்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்தினர். இங்கே கயிற்றைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் பாட்டி மட்டுமல்ல, பழைய பள்ளிப் புத்தகங்களும் அதைக் கற்றுக்கொடுத்தன. இறுக்கிக் கட்டிய கயிறு ரத்த ஓட்டத்தை நிறுத்துகிறது. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் போன்றவற்றின் விஷம் ஏற்கெனவே சதையைத் தின்னும் தன்மை கொண்டது. ரத்தமும் வராத காலில் அதை அடைத்து வைத்தால் கால் அழுகுகிறது. மருத்துவமனையில் கயிற்றை அவிழ்த்த நொடியில் தேங்கிய விஷம் ஒருசேர உடலுக்குள் பாய்கிறது. பிளேடால் கீறினால் உறையாத ரத்தம் நிற்காமல் போகும். உறிஞ்சினால் விஷம் வருவதில்லை. ஆஸ்திரேலியாவில் சொல்லும் அழுத்தக் கட்டும், விரியன் மிகுந்த நம் நாட்டில் பொதுமக்களுக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை. கட்டுவிரியன் இன்னொரு வகை மோசடிக்காரன். இரவில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். தடமும் தெரியாது, வலியும் இருக்காது. விடிகாலையில் வயிற்றுவலி என்பார், கண்ணிமை சரியும். அஜீரணம் என்று சோடா கொடுப்பார்கள். செய்ய வேண்டியது சுருக்கமானது. கொலுசு, மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். எலும்பு முறிந்ததுபோல் எண்ணி ஒரு பலகையோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி, காலை அசையாமல் வையுங்கள். நடக்க விடாதீர்கள். பாம்பைத் துரத்திப் பிடிக்கும் நேரத்தில், விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்குப் பாதித் தூரம் போய்விடலாம். நாராயண்காவில் பல ஆண்டுகளாகப் பாம்புக்கடிக்குச் சிகிச்சை செய்துவரும் டாக்டர் சதானந்த் ராவுத் போன்றவர்கள், சிகிச்சையோடு நிற்காமல் கிராமம் கிராமமாகப் போய்ப் பேசுவதற்குக் காரணம் இதுதான். மருந்து அவர்களிடம் இருக்கிறது, கடிபட்டவர் வந்து சேர வேண்டுமே. அந்த மருந்துக்கான விஷத்தை மாமல்லபுரத்தருகே வடநெம்மேலியில் இருக்கும், 1978இல் தொடங்கப்பட்ட இருளர் கூட்டுறவுச் சங்கம் சேகரித்துத் தந்துவருகிறது. தமிழகத்து இருளர் பிடித்த பாம்பு மராட்டியத்து உழவரைக் காக்கிறது. நடுவில் கயிறு வந்து கெடுக்கிறது.

இனி முதலில் பேசிய பற்பசைக்கு வருவோம். தீக்காயத்துக்கு உலகம் கண்ட மிகச் சிறந்த முதலுதவி குழாய்த் தண்ணீர். ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம், கடிகாரம் பார்த்து. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் தீக்காயம் பட்ட குழந்தைகளைப் பற்றி 2020இல் வந்த ஆய்வில், அப்படி முழுதாகக் குளிர்விக்கப்பட்டவர்களுக்குத் தோல் ஒட்டு அறுவை தேவைப்படும் வாய்ப்பு 40 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது. காயம் பட்டு மூன்று மணி நேரம் வரைகூட இதனால் பலன் உண்டு. பனிக்கட்டி கூடாது, அது தோலை இன்னும் சாகடிக்கும். குழாயில் தண்ணீர் வராத நேரம் என்றால் வாளியிலிருந்து குவளை குவளையாக ஊற்றலாம். நாய் கடித்த இடத்துக்கும் தண்ணீர்தான், சோப்போடு, பதினைந்து நிமிடம்; பிறகு தாமதமின்றித் தடுப்பூசி. மூக்கில் ரத்தம் வந்தால் முன்பக்கம் குனிந்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் பிடித்துக்கொள்ள வேண்டும். தொண்டையில் உணவு சிக்கிப் பேச முடியாமல் தவிப்பவருக்கு முதுகில் ஐந்து அடி, பிறகு பின்னாலிருந்து கட்டிப்பிடித்து தொப்புளுக்கு மேலே உள்ளும் மேலுமாக ஐந்து அழுத்தம், மாறி மாறி. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வயிற்றைத் தொடாமல் மார்பில். 2024 ஜூன் 30 அன்று லோணாவளாவின் பூஷி அணைக்கருகே ஒரே குடும்பத்தின் ஐந்து பேரை வெள்ளம் இழுத்துச் சென்றதே, அதுபோன்ற இடத்தில் முதலுதவி என்பது குதிக்காமல் இருப்பது. கயிறோ, முடிச்சுப் போட்ட துப்பட்டாவோ, காலி கேனோ எறிவது. மீட்கப்பட்டவரின் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது வீண். அவருக்குத் தேவை மூச்சு.

மூன்றாவது தடை மேலும் மதிப்புக்குரியது. அரசு செய்ய வேண்டியதை மக்கள் தலையில் கட்டுகிறீர்களே என்பது. நவலே சரிவைச் சரிசெய்வதும் ஆம்புலன்ஸைப் பெருக்குவதும் அரசின் கடமை. முதலுதவிப் பேச்சு அதற்குத் திரை போடக் கூடாது. ஒப்புக்கொள்கிறேன். 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். மாநிலங்களில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்து தமிழ்நாடு, அதற்கடுத்து மகாராஷ்டிரா. இந்த எண்ணிக்கை கட்டுப் போட்டு மட்டும் குறையாது. ஆனால் அரசு தன் பங்கைச் செய்த இடத்திலும் அந்த முதல் பத்து நிமிடம் அப்படியேதான் இருக்கிறது. தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையின் செலவை ஏற்கிறது. அருமையான திட்டம். மருத்துவமனை வாசலைத் தாண்டியவருக்கு அது உதவும். வாசல்வரை உயிரோடு வருவதற்கு ஒரு கை வேண்டும். அரசிடம் கேட்க வேண்டியதும் இதில் இருக்கிறது. கண்டக்டர் உரிமத்துக்கு முதலுதவிச் சான்றிதழ் கேட்கிறோம். லட்சக்கணக்கில் பைக் உரிமமும் கார் உரிமமும் வாங்குபவர்களிடம் கேட்பதில்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே 150 தொழிலாளருக்கு ஒரு முதலுதவிப் பெட்டியும், அதற்குச் சான்றிதழ் பெற்ற ஒரு பொறுப்பாளரும் வேண்டும் என்றது. சாகணிலும் பிம்ப்ரியிலும் தொழிற்சாலைக்குள் போகும் மனிதருக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பு, அவர் வீடு திரும்பும் சாலையில் இல்லை.

இதற்கு வேண்டிய அமைப்பை புனே புதிதாகக் கட்ட வேண்டியதில்லை. 1890களில் திலகர் பொதுவிழாவாக வளர்த்த கணேஷ் உற்சவத்துக்காகப் பேட்டைக்குப் பேட்டை மண்டல்கள் என்ற விழாக்குழுக்கள் இருக்கின்றன. இளைஞர்கள், ஒலிபெருக்கி, பந்தல், தினமும் கூடும் கூட்டம் எல்லாம் அவர்களிடம் உண்டு. ஆஷாட ஏகாதசிக்காக ஆளந்தியிலிருந்தும் தேஹுவிலிருந்தும் புறப்படும் பால்கிகள் என்ற பல்லக்குகள் லட்சக்கணக்கான வார்க்கரிப் பக்தர்களோடு இந்த ஊரைக் கடக்கும்போது தண்ணீர் கொடுக்கவும் கால் பிடித்துவிடவும் வாசலுக்கு வாசல் ஆட்கள் நிற்கிறார்கள். மார்பை அழுத்தவும், ரத்தத்தை நிறுத்தவும், ஒருக்களித்துப் படுக்க வைக்கவும் ஒரு காலைப் பொழுது போதும். செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் நூறாண்டுக்கு மேலாக இந்த நாட்டில் இதைக் கற்றுத்தருகின்றன. கட்கியிலும் ராஸ்தா பேட்டிலும் பிம்ப்ரியிலும் இருக்கும் தமிழ்ச் சங்கங்களும் கோயில் கமிட்டிகளும் பொங்கல் விழாவுக்கு ஒதுக்கும் மண்டபத்தை இதற்கும் ஒரு ஞாயிறு ஒதுக்கலாம். பாட்டிகளையும் அழையுங்கள். சாவிக்கொத்தைக் கற்றுத்தந்ததும் அவர்கள்தான். இருபது நிமிடத் தண்ணீரை வீட்டுக்குள் கொண்டுபோகக்கூடியவர்களும் அவர்களே. நீங்கள் இருக்கும் ஹவுசிங் சொசைட்டியின் அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் லிஃப்ட் பராமரிப்புக்கும் பார்க்கிங்குக்கும் பக்கத்தில் இந்த ஒரு பொருளையும் சேர்க்கும்படி இன்றே செயலாளருக்கு எழுதுங்கள்.